இவர் பிரெஞ்சில் பேசிய நாட்கள்

ஜனவரி 14, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மத்தியானம் முப்பத்தெட்டு என்று ரேடியோவில். பொங்கல். பக்கத்து வீட்டு பவானி அக்கா வேலிக்கு மேலால் ஒரு பெட்டி நீட்டினார். "அண்ணைக்கும் ஒரு வாய் குடுங்கோ." இவருக்கு இன்னும் மசித்த சாப்பாடுதான், தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயம். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. குசினியில் நின்றபடியே நானே சாப்பிட்டு முடித்தேன்.

வேலைகள்: பைஜாமா தோய்க்க. ஷேவர் சார்ஜ் பண்ண. வேலையிடத்துக்கு லீவு நீட்டச் சொல்லி மெசேஜ். தக்காளிக்குத் தண்ணீர்.

டண்டினொங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். இவர் ஓட்டிய ரூட்தான். டிரைவர்மார் என்னைக் கண்டதும் கேட்கிறார்கள், பிலிப் எப்படி என்று. கொஞ்சம் பரவாயில்லை என்கிறேன். தினமும் அதே பதில்.

இன்று அது பொய்யில்லை. நத்தார் பண்டிகை முடிந்த கையோடு ஸ்ட்ரோக் வந்து, வலது கை கால் விழுந்து, பேச்சும் போன பிறகு இன்றுதான் இவர் வாயிலிருந்து ஒரு சொல். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஹன்னா, கோப்பையின் படத்தைக் காட்டினாள். இவர் நெடுநேரம் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு, "தாஸ்."

ஹன்னா என்னைப் பார்த்தாள். தமிழா?

தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை. அடுத்த படம், சாவி. "க்ளே." நாய். "ஷியன்."

பிரெஞ்சு.

என்னைக் கட்ட முதல் இவர் பிரான்சில் ஏழு வருடம் இருந்தவர். பாரிஸ் இல்லை. லு புய் என்று மலை நாட்டில் ஒரு சின்ன ஊர். ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. கேட்டால், "குளிர். பருப்பு. கோயில்" என்பார். கல்யாணம் முடிந்து இருபத்தேழு வருடம், அந்த ஏழு வருடத்துக்கு இவர் செலவழித்தது மூன்று சொல்.

ஹன்னா கடைசியாக என்னைச் சுட்டிக்காட்டினாள். இது யார்?

இவர் என்னைப் பார்த்தார். தெரிகிறது, கண்ணில் தெரிகிறது. சொல் வரவில்லை. இடது கையால் போர்வையைப் பிசைந்தார்.

ஜனவரி 15, புதன்

இரவே காற்று மாறிவிட்டது. இன்று பத்தொன்பது. ஸ்வெட்டர். மெல்பேர்ண்.

ஹன்னா ஒரு தாளில் மூளையை வரைந்து விளக்கினாள். இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்களுக்குச் சில வேளை இப்படி ஆகுமாம். பிந்திப் படித்த மொழி ஒன்று முந்தித் திரும்பும். தாய்மொழி ஒளித்துக்கொள்ளும். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அதை மறைக்காமல் சொன்னது பிடித்தது.

"தமிழ் திரும்பி வருமா?"

வரலாம் என்றாள். அதுவரை வருகிற மொழியில் பேசவிடுங்கள், தடுக்காதீர்கள். பிரெஞ்சு தெரிந்த உறவுக்காரர் யாரும் உண்டா?

இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பள்ளிப் பெண்கள். "மை மம் ஸ்பீக்ஸ் டு மீ இன் தமிழ், ஐ ஆன்சர் இன் இங்கிலீஷ், வாட்ஸ் த பிராப்ளம்?" எங்கள் நிரோஷனும் அப்படித்தான் வளர்ந்தான். வீட்டில் இரண்டு மொழி இரண்டு பக்கமாக ஓடும். எனக்குப் பழக்கம். மூன்றாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது தெரியாது.

ஜனவரி 16, வியாழன்

பிரெஞ்சுக்கு ஆள் கிடைத்தது. வார்டில் புதிதாக வந்த நர்ஸ், மிரேய். மொரிஷியஸ்காரி. நாற்பது இருக்கும். சட்டையில் குத்திய பெயரில் கடைசியாக முருகேன். கேட்டேன். அப்பாவின் பாட்டன் தமிழராம். தனக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல், "வணக்கம், காவடி" என்றாள். என்னோடு அவள் பேசுவது இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

இவரிடம் பிரெஞ்சில் காலை வணக்கம் சொன்னாள். இவர் தலை திரும்பிய வேகத்தை என்னவென்று எழுத. மூன்று வாரத்தில் அப்படித் திரும்பியதில்லை. திக்கித் திக்கி ஒரு வரி. அவள் ஏதோ சொல்ல இன்னொரு வரி. தமிழ்ப் பெயரை மட்டும் வைத்திருப்பவள் என் புருஷனோடு கதைக்கிறாள். தமிழை முழுதாக வைத்திருக்கிற நான் கதிரையில் வாய் மூடி இருக்கிறேன்.

"என்ன சொல்றார்?"

"ஜன்னலை மூடச் சொல்கிறார். பனி உள்ளே வருகிறதாம்."

ஜன்னல் மூடித்தான் இருந்தது. வெளியே கார்ப் பார்க், காய்ந்த புல்.

இன்னொரு சொல்லும் திரும்பத் திரும்ப. லா பியூர்ல். மிரேய்க்கே அது தெரியவில்லை. மொரிஷியஸில் அப்படி ஒரு சொல் இல்லை என்றாள்.

வீட்டில் போனில் தேடினேன். அந்த மலைப் பக்கத்தில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று. பெய்து கிடக்கும் பனியை வாரி வீதியில் சுவர் மாதிரிக் குவிக்குமாம். பிரான்சிலேயே மற்ற ஊர்க்காரருக்கு அந்தப் பெயர் அவ்வளவு தெரியாது என்று போட்டிருந்தது.

மன்னார்க் கடற்கரைப் பொடியன். இருபத்திரண்டு வயது. அந்தக் காற்றுக்குள்.

ஜனவரி 18, சனி

காலை நிரோஷன் கிரெய்கிபர்னிலிருந்து வந்து புல் வெட்டினான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தகப்பனிடம் "ஹாய் அப்பா" என்றான். இவர் "சா வா?" என்றார், சுகமோ என்று. நி. சிரித்தான். உயர்வகுப்பில் ஒரு வருடம் பிரெஞ்சு படித்தவன், "சா வா" என்று அவனும் சொன்னான். அதற்கு மேல் அவனிடம் இல்லை.

மத்தியானம் நூலகம். பிரான்ஸ் பற்றிப் பெரிய படப் புத்தகம் ஒன்று. லு புய்க்கு நாலு பக்கம். மீதி போனில். எழுதி வைக்கிறேன், மறந்துபோகும்.

முழுப் பெயர் லு-புய்-ஆன்-வெலே. புய் என்றால் எரிமலைக் குன்று. ஊருக்கு நடுவே இரண்டு பாறை, நிலத்தைக் குத்திக்கொண்டு வந்த மாதிரி. ஒன்றின் உச்சியில் வானதூதர், சம்மனசு மிக்கேலுக்குச் சிற்றாலயம், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. ஏற இருநூறுக்கு மேல் படி. மற்றதன் மேல் மாதா சுரூபம், சிவப்பு நிறம், யுத்தத்தில் பிடித்த ரஷ்யப் பீரங்கிகளை உருக்கி வார்த்தது. பீரங்கியில் மாதா. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பீரங்கி வந்த இடத்தில் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினோம்.

பெரிய கோயில். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி. உள்ளே கறுப்பு மாதா. முதல் இருந்த சுரூபத்தைப் புரட்சிக் காலத்தில் சந்தியில் வைத்து எரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது பிறகு வைத்தது. ஆகஸ்ட் பதினைந்து பவனி.

மன்னாரில் மடு மாதா கோயில் திருவிழாவும் ஆகஸ்ட் பதினைந்து. இங்கே வருடா வருடம் அன்றைக்குப் பூசைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்பவர். தான் ஏழு வருடம் அதே நாளில் ஒரு கறுப்பு மாதாவுக்குப் பின்னால் நடந்ததை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

ஸ்பெயினுக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் அந்தக் கோயிலில்தான் புறப்படுகிறார்கள். காலைப் பூசை முடிய ஆசீர் வாங்கி, கோயில் தரையில் ஒரு கிராதி திறக்க, அதற்குள்ளால் படியிறங்கி நேரே வீதிக்கு.

கோயிலில் ஒரு தட்டைக் கல்லும் உண்டு. காய்ச்சல் கல். நோயாளிகளை அதில் படுக்கவைத்தால் குணமாகும் என்று நம்பிக்கை. கோயிலுக்கும் முந்திய கல்லாம். மடு மண்ணைப் பாம்புக்கடிக்குப் பூசுவது நினைவு வந்தது.

சாப்பாடு: பச்சை நிறச் சின்னப் பருப்பு, எரிமலை மண்ணில் விளைவது. குடிக்க, ஒரு மூலிகையில் வடித்த பச்சைச் சாராயம். செப்டம்பரில் ஒரு விழா. முற்காலத்தில் மரக்கிளியைக் குறிபார்த்து அம்பு விடுவார்கள், விழுத்தியவன் ஒரு வருடத்துக்கு ராசா. இப்போது ஊர் முழுக்கப் பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு திரியுமாம்.

இவர் அந்த உடுப்புப் போட்டிருப்பாரா? நினைக்கச் சிரிப்பு வந்தது. நூலகத்தில் தனியே சிரித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து ஆஸ்பத்திரி. மிரேய்க்கு லீவு. இவர் அரைத் தூக்கம். கண் மூடியபடியே ஒரு பெயர்.

ஒடில்.

காற்றுக்கு ஒரு பெயர் இருப்பது போல இதுவும் ஏதோ என்று முதலில் நினைத்தேன். பின்னேரத்துக்குள் இரண்டு மூன்று முறை. சொல்லும் விதம் வேறு. ஜன்னலைச் சொல்வதுபோல இல்லை.

போனில் போட்டுப் பார்த்தேன். பெண் பெயர்.

இரவுச் சாப்பாடு பாணும் வெண்ணெயும்.

ஜனவரி 21, செவ்வாய்

மிரேயிடம் கேட்டேன். இரத்த அழுத்தம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சில வேளை பெயர்கள் சும்மா வரும்."

"சும்மா வாறதையே சொல்லுங்கோ."

பேனாவை மூடினாள். பிறகு சொன்னாள். "ஒடில், பொறு, வருகிறேன் என்கிறார். வேலை முடியவில்லை, சட்டியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்கிறார்."

அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குடுவையை நிரப்பப் போனேன். தாழ்வாரத்தில் ஒரு கிழவர் நடைவண்டியோடு. எனக்கு வழி விட்டார். எனக்கு எங்கே போவதென்று மறந்துபோயிருந்தது.

ஜனவரி 22, புதன்

நி. பின்னேரம் வந்தான். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சொன்னேன்.

"அப்பாக்கு கேர்ள்ஃபிரண்ட் இருந்ததா? ஓ." ஒரு கணம் அவனுக்கு அது சுவாரசியம். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "அம்மா, தட்ஸ் பிஃபோர் யூ. அது உங்களுக்கு முந்தி."

"எனக்குத் தெரியும்."

"தென் லீவ் இட், அம்மா. ஏன் உங்களை நீங்களே வருத்துறீங்கள்?"

அவன் சொல்வது சரி. ஒரு ஆண் முப்பது வயது வரை கல்லாகவா இருந்திருப்பார். எனக்கு அந்தப் பெண் உறுத்தவில்லை. இந்த ஆள் என்ன செய்தும் எங்கள் இருபத்தேழு வருடத்துக்குள் வர மாட்டேன் என்கிறார், அதுதான் உறுத்துகிறது. மூளையில் ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்ததாம், ஆள் எழும்பி ஓடியது அந்த ஊர் வீட்டுக்கு.

மூன்று புட்டுக் குழல் அவித்து வைத்தேன். நி. இரண்டு சாப்பிட்டான்.

ஜனவரி 23, வியாழன்

ஜெயம் அண்ணைக்கு போன் எடுத்தேன். பாரிஸில் இருக்கிறார். இவரோடு ஒன்றாக அகதியாகப் போய் இறங்கியவர், லு புய் முகாமில் ஒரே அறை. நத்தாருக்கு மட்டும் எங்களோடு பேசுவார். ஸ்ட்ரோக் செய்தி நி. அனுப்பியிருந்தான்.

சுற்றி வளைக்கவில்லை. "அண்ணை, ஒடில் ஆர்?"

அந்தப் பக்கம் ரேடியோவைக் குறைத்தார். பிறகு, "தங்கச்சி, அவன் சொன்னவனோ?"

"சொல்லேல்லை. கூப்பிடுறார்."

பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்.

ஹோட்டல் முதலாளியின் தம்பி மகள். சந்தையில் பருப்பும் பாற்கட்டியும் விற்கிற குடும்பம். இவர் முதலில் சட்டி கழுவினார், பிறகு சமையல். "அவன்ரை கைச் சமையலுக்கு ஊர்க்காரரே வருவினம், தங்கச்சி. அந்தப் பருப்பை எங்கடை மாதிரித் தாளிச்சுப் போடுவான்." எனக்கு இது செய்தி. என் வீட்டில் இவர் ஒரு முட்டை பொரித்ததில்லை.

இரண்டு பேரும் கட்டுவதாக இருந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதலாம் ஓலை, வாசித்தாயிற்று. அந்தக் கிழமை இவருடைய அகதி மனு கடைசியாகவும் நிராகரிப்பு.

"கட்டினால் விசா காட் கிடைக்கும் தானே, அண்ணை?"

"அதுதான் வினை. விசாவுக்காகக் கட்டினான் எண்டு ஊர் சொல்லும், நாளைக்கு அவளும் நினைப்பாள் எண்டான். அவள் அழுதாள். கோயில் சாமியார் வந்து கதைச்சார். கேக்கேல்லை. விடியக் காலமை பஸ் எடுத்து பாரிசுக்கு வந்திட்டான். அவளுக்குச் சொல்லவும் இல்லை."

கடைசி ஒரு வருடம் பாரிஸில் ஒளித்து வேலையாம். அதற்குப் பிறகுதான் மெல்பேர்ணிலிருந்து என் சம்பந்தம் போனது. என் அண்ணாதான் பேசி முடித்தார். நான் ஸ்பொன்சர் பண்ணினேன். இவர் வந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே. விசாவுக்காக அவவைக் கட்ட மாட்டன் எண்ட மனுசன் என்னைக் கட்டினது எதுக்கு?"

"தங்கச்சி, அப்பிடி நினைக்காதை."

"வேறை எப்பிடி நினைக்கிறது?"

பதில் தெரிந்த ஒரே ஆளுக்குத் தமிழ் வரவில்லை.

கடைசியாக ஜெயம் அண்ணை தன்னைப் பற்றிச் சொன்னார். வருடா வருடம் ஆகஸ்ட் பதினைந்துக்கு லு புய்க்குப் போகிறவராம். ஒடிலையும் கண்டு கதைக்கிறவர். கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளையும் உண்டு. இப்போதும் சனிக்கிழமைச் சந்தையில் நிற்கிறார்.

ஜனவரி 24, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வயிற்றுக் குத்து என்று நி.க்கு மெசேஜ். அவன் போனான்.

மழை தூறல். அலுமாரி துடைத்தேன். இவருடைய சட்டைகளை மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்து.

அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். விமான நிலையத்தில் மெல்லிசாக ஒரு ஆள், கையில் ஒரு பை. மரியாதை. அதிகம் பேச மாட்டார். நான் அதை நல்ல குணம் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நிரோஷன் பிறந்தபோது எட்டு மாதம் இரவு வேலை எடுத்தார், பகலில் நான் தூங்கட்டும் என்று. கொவிட் காலத்தில் நான் ஒரு அறையில் அடைபட்டிருக்க, கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தார். அப்போதும் பேசவில்லை. இருந்தார்.

ஒரு பக்கம் இது. மற்றப் பக்கம் அந்த விடியக்காலை பஸ்.

இரண்டும் ஒரே ஆள்.

ஜனவரி 26, ஞாயிறு

வெயில். ஆஸ்திரேலியா தினம், வீதி முழுக்கப் பார்பெக்யூ வாசம்.

இவர் நான் இரண்டு நாள் வராததை அறிந்திருக்கிறார். வாசலில் கண்டதும் இடது கை எழும்பிற்று. நிரோஷன் சொன்னான், வெள்ளிக்கிழமை முழுக்க வாசலையே பார்த்தபடியாம்.

நகம் வெட்டிவிட்டேன். இவர் ஜன்னலைக் காட்டி என்னவோ கேட்டார். பனி என்கிற சொல் இப்போது எனக்கும் தெரியும். நேஜ். "நோ நேஜ்" என்றேன். இவர் சிரித்தார். கோணல் சிரிப்பு. என் பிரெஞ்சுக்கு.

ஹன்னா திங்களும் விடுமுறை என்று இன்றே வந்திருந்தாள். பழக்கமான குரல் ஒன்று பிரெஞ்சில் பேசினால் இன்னும் சொல் வரலாம், யாராவது உண்டா என்று மறுபடி கேட்டாள். இந்த முறை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

யோசிக்கிறேன். ஒரு மனிதர் கூப்பிடுகிறார். கூப்பிடப்படுகிறவர் உயிரோடு, ஒரு போன் தூரத்தில். நடுவில் நிற்பது நான் மட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒடில் இவரோடு பேசுவாரா என்று ஜெயம் அண்ணையைக் கேட்கச் சொன்னேன். நிரோஷனுக்குக் கோபம். "வை வுட் யூ டூ தற் டு யுவர்செல்ஃப்?" கதவைச் சாத்திக்கொண்டு போய், அரை மணியில் திரும்பி வந்து, வீடியோவுக்கு என் போன் பழசு, தன்னுடைய டேப்லெட்டைத் தருகிறேன் என்றான்.

ஜனவரி 30, வியாழன்

பதில். ஒடில் ஒரு நாள் முழுக்க யோசித்தாராம். புருஷனிடம் சொன்னாராம். சரி, சனிக்கிழமை, சந்தையில் நிற்கும் நேரம் கூப்பிடட்டும், வீட்டில் வைத்து வேண்டாம் என்றாராம். அந்தப் பதில் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அங்கே காலை என்றால் இங்கே பின்னேரம். மிரேய் தன் வேலை முடிந்த பிறகு நிற்பதாகச் சொன்னாள். காவடி விரதம் தொடங்கப்போகிறாள், மச்ச மாமிசம் இல்லை. அவளுக்குக் கத்தரிக்காய்க் கறியும் சோறும் கொண்டுபோக வேண்டும்.

பெப்ரவரி 1, சனி

வந்தபடியே எழுதுகிறேன்.

கடும் வெக்கை. ஏழு மணிக்கும் சூரியன் ஜன்னலில். இவருக்கு ஷேவ் எடுத்து, நீலச் சட்டை போட்டுவிட்டேன். என்ன சேலை உடுப்பதென்று நான் வீட்டில் நின்ற நேரத்தை எழுதப் போவதில்லை. கடைசியில் சாதாரண கவுண்.

டேப்லெட்டை மேசையில் நிறுத்தினோம். மிரேய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரை ஆடியது. பிறகு ஒரு முகம். பருத்த பெண். நரைமுடி, கம்பளித் தொப்பி, குளிரில் சிவந்த மூக்கு, கையில் விரல் வெட்டிய கையுறை. நான் இரண்டு கிழமையாக மனதில் வைத்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது.

"பிலிப்," என்றார்.

இவர் பார்த்தார். யாரென்று தெரியாத பார்வை. ஒரு நிமிடம் இருக்கும். ஒடிலின் முகத்திலும் அது விழுந்தது, நான் கண்டேன். அவரும் அந்தப் பழைய பொடியனைத் தேடுகிறார், வாய் கோணிய ஒரு கிழவர் இருக்கிறார்.

பிறகு குரலுக்கு இவர் தலை சாய்ந்தது. முகத்தை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டார்.

ஒடில் கண் கலங்கவில்லை. அதட்டினார். மிரேய் என் காதுக்குள் சொன்னாள். மெலிந்துவிட்டாயாம், சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு எல்லா நாட்டிலும் ஒன்றுதானாம். பிறகு போனைத் திருப்பிப் பிடித்தார். சந்தைச் சதுக்கம். கடைக் கூடாரங்களின் மேல் பனி. நடுவில் கல் நீரூற்று. சாம்பல் வானத்தில் பாறையும் அதன் மேல் சிவப்பு மாதாவும் பாதிதான் தெரிந்தது. கூடாரச் சீலைகள் படபடவென்று அடித்தன. போனுக்குள்ளால் காற்று உறுமியது.

"லா பியூர்ல்," என்றார் இவர்.

"உய். லா பியூர்ல்." ஒடில் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர் யாரோ எட்டிப் பார்த்து "பிலிப்?" என்று கத்தினார். அவருக்கும் இவரை நினைவிருந்தது. ஒரு ஊர் இவரை நினைவு வைத்திருக்கிறது.

இவர் பேசினார். நாலைந்து வரி, உடைந்து உடைந்து. மிரேய் மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒடில் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என் பக்கம் கண்ணைத் திருப்பி இவரிடம் எதையோ கேட்டார்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோப்பை, சாவி, நாய் எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்து எனக்கு மட்டும் கிடைக்காமல் போன அன்றைய அதே பார்வை. பயந்தேன். ஒடிலுக்கு முன்னால் அப்படி ஒன்று வேண்டாம் என்று நினைத்தேன். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்க, இவருடைய இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கி.

"மா ஃபாம்."

மிரேய் என் பக்கம் குனிந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். விளங்கியது. என் மனைவி.

ஒடில் தொப்பியைக் கழற்றினார். ஏனென்று தெரியாது. தலைமயிரெல்லாம் காற்றில் பறந்தது. "போன்ஜூர், மதாம்."

"போன்ஜூர்," என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவருக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. பிறகு மிரேய் மூலம் ஒன்று சொன்னார். இரண்டு வருடம் இவரோடு கோபமாக இருந்தாராம். பிறகு அந்தக் கோபத்துக்கு நேரம் இல்லாமல் போய்விட்டதாம், பிள்ளை, கடை, சந்தை. பிலிப் நல்லவன், ஆனால் தனக்குத்தானே கதவைச் சாத்திக்கொள்பவன். உங்களோடும் அப்படியா?

"ஓம்," என்றேன் தமிழில். மிரேய் அதை மொழிபெயர்க்க முதலே ஒடில் சிரித்தார்.

யாரோ பருப்பு வாங்க வந்து நின்றார்கள். அவர் போக வேண்டும். கை காட்டினார். திரை அணைந்தது.

இவர் களைத்துவிட்டார். கட்டிலில் சாய்த்தோம். என் மணிக்கட்டை விடவில்லை. வருகை நேரம் முடிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. மிரேய் கத்தரிக்காய்க் கறியைத் தாழ்வாரத்தில் நின்று சாப்பிட்டாள்.

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் இல்லை. எதற்குக் கட்டினார்? தமிழ் திரும்பினாலும் இவர் சொல்லப்போவதில்லை, சொல்கிற ஆள் இல்லை. இவருக்கே தெரியுமோ தெரியாது.

எதற்குக் கட்டினார் என்பது அன்றைக்கு. நேற்றுப் பிடித்த பிடி இன்றைக்கு. மணிக்கட்டில் இன்னும் சிவப்பு.

இன்று ஒடில் என்ற பெயர் வரவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நிரோஷனும் அவன் சிநேகிதனும் வாசலில் சரிவுப் பலகை போட்டிருந்தார்கள். குளியலறையில் கைபிடி. மிரேய் வார்டு வாசல் வரை வந்து இவரைக் கன்னத்தில் கொஞ்சினாள், பிரெஞ்சு முறையில், இரு பக்கமும்.

பவானி அக்கா வேலிக்கு மேலால்: "அண்ணை, சுகமோ?" இவர் "சா வா" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "நல்ல சுகமாம்" என்றேன்.

மருந்து ஆறு விதம். அட்டவணை ஃப்ரிட்ஜில். கடினமானது காலையில் எழுப்பி இருத்துவது. பாரம். என் இடுப்பு.

படிக்கும் சொற்கள்: பான் (பாண், அதுவே). ஓ (தண்ணீர்). ஃப்ருவா (குளிர்). மால் (நோவு). ஹன்னா இங்கிலீஷும் தமிழும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் இப்போது மூன்றும் ஓடுகிறது. நி. "அப்பா, ஓ?" என்று கோப்பையை நீட்டுகிறான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மப்பு. இருபத்திரண்டு. காலையில் இவர் கைத்தடியோடு குசினி வாசல் வரை. நான் பின்னால் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி. கதிரை போட்டு இருத்தினேன். நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் வெட்டும் என் விதத்தை. முகம் ஒரு மாதிரி. பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கத்தியையும் ஒரு வெங்காயத்தையும் முன்னால் வைத்தேன். இடது கையால் எப்படி. ஆனாலும் வைத்தேன். இவர் கத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இன்னொரு நாள்.

விளைமீன் சொதி, சோறு, கீரை. சோற்றைக் குழைத்து, முள் பார்த்து, கரண்டியில் கொடுத்தேன். முதல் வாய் விழுங்கினார். பொறுத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புக் காணாது."

கரண்டி என் கையில் அப்படியே. திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்கப் பயம், போய்விடுமோ என்று. இவருக்குத் தான் என்ன மொழியில் சொன்னார் என்று தெரியவில்லை. அடுத்த வாய்க்குக் காத்திருந்தார்.

டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர். ஒரு கிள்ளு போட்டேன்.